வேணாம் என்பதற்கு ஒரு புள்ளி

பிப்ரவரி 11

நாளை செங்கரட்டூரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மருத்துவமனைக் கழிவை எரிக்கும் ஆலை ஒன்று அந்த ஊரில் வர இருக்கிறது. அனுமதி கொடுக்கும் முன் ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்கிறது சட்டம். கேட்பது அதிகாரிகள். எழுதிக்கொள்வது நான். மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சர், பத்தொன்பது வருடச் சர்வீஸ்.

நான்கு பென்சில் சீவி வைத்தேன். புது நோட்டு ஒன்று எடுத்துக்கொண்டேன். கம்பெனி கொடுத்த தமிழ்ச் சுருக்க அறிக்கையைப் பேருந்தில் படித்தேன். அறுபது பக்கத்தில் எரிப்பு என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. 'வெப்பவழி நலப்படுத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துப் போட்டதையும் ரத்தம் தோய்ந்த பஞ்சையும் நலப்படுத்துகிறார்களாம். நலமானபின் அது எங்கே போகும் என்றால், 'புகைபோக்கி வழியாக வளிமண்டலத்தில் விரவும்.' இப்படித் தமிழ் எழுதுகிறவனை அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடிவைக்க வேண்டும்.

அதைவிட எரிச்சல் பதினேழாம் பக்கம். 'அருகில் நிரந்தர நீர்நிலை ஏதுமில்லை. பருவகாலப் பள்ளம் ஒன்று மட்டும் உள்ளது.' வரைபடத்தில் பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்கு ஊரில் பெயர் பெரிய கண்மாய். இருநூறு ஏக்கருக்குப் பாசனம். இவர்கள் ஆய்வுக்குப் போனது மே மாதம். மே மாதத்தில் போய்ப் பார்த்தால் வைகைகூடப் பள்ளம்தான்.

மதுரை வீட்டுக்கு வரும்போது ஏழரை. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. நான்கு வருடமாக மதுரைக்கு இடமாறுதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு மதியம் அவர் தங்கை கோமதி கஞ்சி ஊட்டியிருக்கிறாள். பாதி சட்டையில்.

பிப்ரவரி 12

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. மேடையில் ஒன்பது நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னாலும் சீல் வைத்த தண்ணீர் பாட்டில். ஜனங்களுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம், ஒரு டம்ளர். வெயில் சாய்ந்து சாய்ந்து பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமே வந்தது. எங்கள் பொறியாளர் தீனதயாளன் சார், "எல்லாரும் சுருக்கமாப் பேசுங்கம்மா, சாப்பாட்டு நேரம் வந்துரும்" என்று ஆரம்பித்தார். யாருடைய சாப்பாட்டு நேரம் என்று சொல்லவில்லை.

முப்பத்தொரு பேர் பேசினார்கள். இருபத்தொன்பது பேர் வேணாம் என்றார்கள். வேணும் என்ற இரண்டு பேரில் ஒருவர் கம்பெனி வண்டியில் வந்து இறங்கியவர். இன்னொருவர் பாவம், மகனுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டார்.

கடைசியில் பேசியவர் பெயர் ஒச்சம்மா. ஐம்பது வயதிருக்கும். ஆடு வளர்க்கிறவர், மைக்கைப் பிடித்ததும் இரைச்சலே அடங்கிவிட்டது. அவர் பேசியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஏம் பேரு ஒச்சம்மா. எனக்கு நாப்பது ஆடு இருக்கு. நீங்க பள்ளம்னு எழுதியிருக்கீகளே, அந்தப் பள்ளத்துலதான் நாங்க கோடையில ஊத்துத் தோண்டித் தண்ணி எடுக்கோம். நீங்க குடிக்கிற பாட்டிலு எங்க ஊர்க் கடையில கிடையாது. மதுரையில அறுத்ததை எரிக்க இங்கிட்டு எதுக்குத் தூக்கிட்டு வர்றீக? அறுத்த எடத்துலயே எரிக்க வேண்டியதான. அங்கன இருக்கவுகளுக்கு மட்டும் மூக்கு இருக்கு, எங்களுக்கு இல்லையா? இந்த ஆலை எங்களுக்கு வேணாம். எங்க புள்ளைகளுக்கும் வேணாம். அம்புட்டுத்தான்."

பேசிவிட்டு மேடையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் சின்ன மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"எழுதிட்டியா தாயி?"

எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

"எங்க, வாசி பாப்போம்."

கேட்டது நியாயம். கூட்டம் முடிவதற்குள், பேசியதையெல்லாம் ஊரார் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. நான் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினேன். சார் மைக்கில், "அதெல்லாம் டைப் பண்ணி அனுப்பிருவோம்மா, நேரமாச்சு" என்று சிரித்தார். மேடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒச்சம்மா நின்றுகொண்டே இருந்தார். நான் நோட்டை மூடினேன்.

சட்டம் தெரிந்தவர்கள் மேடையில் ஒன்பது பேர். அந்த விதியைக் கேட்டது ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்திதான்.

பிப்ரவரி 13

நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தேநீர் நேரத்தில் சார் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு, இதை எப்படி மேடம் படிக்கிறீங்க?" என்றார். யாரும் கேட்காததைக் கேட்டதும் எனக்கு வாய் நின்றதா? விளக்கினேன். சுருக்கெழுத்தில் மெய் எழுத்துக்குத்தான் கோடு. உயிருக்குப் பக்கத்தில் சின்னக் குறி. வேகமாக எழுதும்போது உயிரை விட்டுவிடுவோம். அதனால் வேணும், வேணாம் இரண்டும் ஒரே கோடுதான். வேணாம் என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி, வேணும் என்றால் ஒரு சிறு கீற்று. பலபேர் அதை வைக்கவே மாட்டார்கள். நான் வைப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விசாரணையில் புள்ளியை விட்டு அசிங்கப்பட்டதிலிருந்து வைக்காமல் விட்டதில்லை.

"அப்ப மெய்யை எழுதிட்டு உயிரை விட்டுர்றீங்க" என்றார். நானும் சிரித்தேன்.

வீடியோக்காரர் கொடுத்த பதிவில் சத்தமே இல்லையாம். மைக்கிலிருந்து கேமராவுக்கு வயர் மாட்ட மறந்துவிட்டாராம். முப்பத்தொரு வாய் அசைகிறது, ஒரு சொல் இல்லை. இதற்கும் ஒரு டெண்டர் விட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 14

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்தேன்.

பிப்ரவரி 18

சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் எந்த அதிகாரியும் என்னை உட்காரச் சொன்னது கெட்டதற்குத்தான்.

"மேடம், நடவடிக்கைக் குறிப்புல ஒரு சின்ன சந்தேகம். இருபத்தொன்பது பேர் வேண்டாம்னு சொன்னதா அடிச்சிருக்கீங்க."

"சொன்னாங்க சார்."

"வெயில், சத்தம். ரெண்டும் ஒரே கோடுன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. வேணும்னு சொன்னதைக்கூட வேணாம்னு படிச்சிருக்கலாம்."

"நான் புள்ளி வச்சிருக்கேன் சார்."

"அது உங்களுக்கு மட்டும் தெரியிற புள்ளி மேடம்."

கோபப்படவே இல்லை அந்த மனுஷர். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாளை நகர்த்தினார். அதில் இருபத்திரண்டு பெயருக்கு எதிரே டிக் அடித்திருந்தது. இவர்களெல்லாம் வேணும் என்று சொன்னவர்களாம். மீதி ஏழு பேர் எதிர்த்தது அப்படியே இருக்கட்டும் என்றார். "யாருமே எதிர்க்கலைன்னா நம்ப மாட்டாங்க பாருங்க."

அப்புறம் மேசை மேலிருந்த காலண்டரைத் திருப்பிக்கொண்டே, "டிரான்ஸ்பர் லிஸ்ட் இந்த மாசம் மேல போகுது. சுந்தரேசன் சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். இவர் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மலையைக் குடைகிறவன், ஆற்றை அள்ளுகிறவன், எவனுக்கும் இந்த நாட்டில் கடப்பாறை வேண்டியதில்லை. இப்படி ஒரு அறை, ஒரு தாள், ஒரு டிக் போதும். மீதியை அடித்துத் தருவதற்கு மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். த்தூ.

பிப்ரவரி 20

அறிக்கை மேலே போய்விட்டது. கொடுத்ததை அடிப்பது தட்டச்சர் வேலை. அதற்கு மேல் என்னைக் கேட்கக் கூடாது.

சாப்பாட்டுப் பையில் அந்த நோட்டும், அதற்குள் செருகிய டிக் தாளும் வீட்டுக்கு வந்துவிட்டன. நாளை கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மார்ச் 3

ஞாயிறு. கோமதியோடு சண்டை. இவர் தங்கைதான், தினமும் மதியம் வந்து பார்த்துக்கொள்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காது என்று ஒன்று வேண்டாமா?

பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பேருந்தில் ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி ஏற்றிய கண்டக்டர். இப்போது 'வே' என்று ஆரம்பித்து 'ம்' என்று முடிப்பார். நடுவில் என்ன என்பது நாக்கில் வராது. வேணுமா வேணாமா என்று கேட்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும். வேணாம் என்றால் தாடையை இடப்பக்கம் லேசாகத் திருப்புவார். அவ்வளவுதான் அடையாளம்.

இன்று கோமதி மூன்றாவது இட்லியைத் திணித்துக்கொண்டிருந்தாள். இவர் தாடையைத் திருப்புகிறார். அவள் மறுபடியும் ஊட்டுகிறாள்.

"அவர் வேணாங்கிறார் கோமதி."

"வேணும்னுதான் அண்ணி சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சே."

"உனக்கு வேண்டியது உனக்குக் கேக்கும். ஒரு மனுஷன் வாயில இருந்து வந்ததை மாத்திச் சொல்றதுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

கோமதி அழுதுவிட்டாள். இட்லிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டாள். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. சாயங்காலம் போனில் சமாதானம் சொன்னேன்.

மார்ச் 19

ஒச்சம்மா அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு பேருந்து மாறி, கையில் மஞ்சள் பையோடு. கூட்டக் குறிப்பின் நகல் வேண்டுமாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு மணி நேரமாக நின்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீதான தாயி எழுதுன. அன்னைக்கு வாசிக்க விடலை. இப்ப வாசிச்சுக் காட்டு. நாஞ் சொன்னது மட்டும் போதும்."

சார் வெளியே போயிருக்கிறார், மனு எழுதிக் கொடுங்கள், முப்பது நாளில் பதில் வரும் என்று சொன்னேன். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது. இத்தனை பேர் இருக்கும் அலுவலகத்தில் என் மேசைதானா கிடைத்தது? மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைக்கவில்லை, ஒ, ச், ச, ம், மா என்று ஐந்தெழுத்தையும் தனித்தனியாக எழுதினார். ஒன்றையும் விடவில்லை.

போகும்போது, "கண்மாயில இன்னும் தண்ணி கெடக்கு, ஒருநா வா" என்றார்.

ஏப்ரல் 27

நோட்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

மே 31

இடமாறுதல் பட்டியல் வந்தது. மதுரை. நான்கு வருடமாகக் கேட்டது, கிடைத்தது.

ஜூன் 14

ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருக்கிறேன். இவரைச் சாய்நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறேன். மாடிப்படிக் கட்டையில் மைனா வருகிறது. இரண்டு பேரும் பார்க்கிறோம். வலது கையில் விரல் அசைகிறது என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னாள். நான் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்றும் சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 9

பேப்பரில் எட்டாம் பக்கம். செங்கரட்டூர் ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. 'கருத்துக் கேட்பில் பெரும்பாலோர் ஆதரவு தெரிவித்தனர்.' ஒரு நிருபராவது அந்த ஊருக்கு ஒரு பேருந்து ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். அனுமதி கொடுத்த நிபுணர் குழுவில் பதினோரு பேராம், முனைவர் பட்டம் வாங்கியவர்களாம். கண்மாயைப் பள்ளம் என்று எழுதியதைப் படித்து ஒருவருக்குக்கூட ஒரு கேள்வி தோன்றவில்லை. ஊரே சேர்ந்து பிணச்சதைப் புகையை வேணும் வேணும் என்று கேட்டதாக எழுதியிருக்கிறதே, அப்படியும் ஓர் ஊர் இருக்குமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. யாரோ அடித்துக் கொடுத்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு கண்மாயையே முடித்துவிட்டார்கள்.

யாரோ.

நல்ல சொல்தான். தாளில் என் இனிஷியல் இருக்கிறது. வலது ஓரத்தில், ம.அ. என்று. மங்கையர்க்கரசி அடித்தது.

அந்த அறிக்கையில் ஒச்சம்மா பெயருக்கு நேரே இருப்பது: 'ஆலை வேண்டும் என்றும், குடிநீர் வசதி செய்து தர வேண்டும் என்றும் கோரினார்.' குடிநீர் வசதியை யாரும் சொல்லித் தரவில்லை. வாக்கியம் முழுமையாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது.

செப்டம்பர் 22

பிலோமினா என்று ஒரு வழக்கறிஞர் வீடு தேடி வந்தார். சின்ன வயது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பித்துவிட்டார். ஒச்சம்மாவும் ஊர்க்காரர்களும் சென்னையில் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் சொன்னதை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று. வீடியோவில் சத்தம் இல்லாததால், மூலச் சுருக்கெழுத்து நோட்டையும் எழுதினவரையும் நவம்பர் மாதம் ஆஜர்படுத்தச் சொல்லி உத்தரவு.

"நோட்டு இருக்கா மேடம்?"

"தேடிப் பாக்கணும்."

"ஒச்சம்மா ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. நீங்க ஒழுங்காத்தான் எழுதினீங்களாம், எழுதும்போது உங்க பென்சிலையே அவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். மேல போனப்புறம்தான் யாரோ மாத்திட்டாங்கன்னு அவங்க நம்புறாங்க."

நான் உள்ளே போய் மோர் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 24

தீனதயாளன் சார் போன். எடுத்த உடனே இவர் உடம்பை விசாரித்தார்.

"நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? நல்லது. கொண்டுபோய்க் குடுத்துருங்க. ஆனா அறிக்கையும் நோட்டும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான். பென்சில்தானே மேடம். புள்ளியை லேசா இழுத்தா கீத்து. மொத்தமே இருபத்திரண்டு இடம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஒத்துப்போகலைன்னா மாட்டுறது அடிச்சவங்கதான். என் கையெழுத்து அடியிலதான் இருக்கு, நடுவுல இருக்கிறது எல்லாம் உங்க எழுத்து. எனக்கு உங்க மேல அக்கறை இருக்கு, அதான் சொல்றேன்."

என் தொழிலின் ரகசியத்தை என்னிடமே கற்றுக்கொண்டு எனக்கே திருப்பி நீட்டுகிறான். இனி இந்த டைரியில் அவனுக்கு 'ர்' விகுதி கிடையாது.

அக்டோபர் 6

ஞாயிறு காலை. கோமதி வரமாட்டாள் என்று தெரிந்து, நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். பென்சில் சீவினேன். இவருக்கு எதிரேதான் உட்கார்ந்தேன், வேறு இடத்தில் வெளிச்சம் இல்லை.

முதல் புள்ளி. இழுத்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை இழுத்தபோது பழைய பென்சிலின் சாம்பலும் புதுப் பென்சிலின் கறுப்பும் ஒட்டவில்லை. தேய்த்துச் சரிபண்ணலாம் என்று விரலில் எச்சில் தொட்டேன்.

"வே...ம்."

இவர்தான். காபி டம்ளர் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு மறுபடியும், "வே...ம்." தாடை இடப்பக்கம் திரும்பியது.

"காபி வேணாமா?"

தாடை திரும்பியே இருந்தது. கண் நோட்டில் இருந்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று கோமதியிடம் எவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன். இப்போது கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம்தான். அதற்கு மேல் முடியவில்லை. அழுதேன். பென்சிலை ஜன்னல் வழியாக எறிந்தேன். கீழ்வீட்டுக்காரம்மா என்ன விழுந்தது என்று கேட்டார்.

நான்கு புள்ளி போய்விட்டது. பதினெட்டு இருக்கிறது.

நவம்பர் 19

சென்னை. இரவு ரயிலில் வந்து, நிலையத்திலேயே குளித்து, பத்து மணிக்குப் போய்விட்டேன். சாட்சிக் கூண்டு என்று நினைத்துப் போனேன், சாதாரண மேசைதான். எதிர் வரிசையில் தீனதயாளன், பக்கத்தில் கம்பெனி வக்கீல்கள் நான்கு பேர். பின்னால் கடைசி பெஞ்சில் ஒச்சம்மா, மஞ்சள் பையோடு.

கம்பெனி வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். சுருக்கெழுத்தில் உயிரெழுத்து விடுபடுவது சகஜம் என்றும், தட்டச்சு செய்தவர் அனுபவத்தை வைத்துச் சரியாகவே படித்திருக்கிறார் என்றும் பேசினார். என் அனுபவத்தை அவர் அப்படிப் புகழ்ந்ததைக் கேட்டபோது காது கூசியது.

நீதிபதி என்னிடம் தமிழிலேயே கேட்டார். "உங்க நோட்டுதானே? படிச்சுக் காட்டுங்க."

முதலிலிருந்து படித்தேன். நான்கு இடத்தில் நிறுத்தி, "இங்க இருக்கிற கீற்று அப்ப போட்டது இல்லைங்க ஐயா. போன மாசம் நான் இழுத்தது. அடியில புள்ளி இருக்கு, வெளிச்சத்துல பிடிச்சா தெரியும்" என்றேன். நீதிபதி நோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார்.

"அறிக்கையில ஏன் வேற மாதிரி அடிச்சீங்க?"

"அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன்."

"யார் சொன்னது?"

விரல் நீட்டிக் காட்டினேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு அதிகாரியை விரல் நீட்டிக் காட்டியது அதுதான் முதல் தடவை. அவன் காலண்டரைத் திருப்புகிற மாதிரியே எதையோ திருப்பிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு என்ன கிடைச்சது?"

"மதுரை கிடைச்சது ஐயா."

மீதியைப் படிக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒச்சம்மா. ஊத்து, பாட்டில், மூக்கு, எல்லாவற்றையும் படித்தேன். 'எங்களுக்கு வேணாம், எங்க புள்ளைகளுக்கும் வேணாம், அம்புட்டுத்தான்' என்று முடித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமா. இதத்தான் சொன்னேன்."

காவலர் உஷ் என்றார். நீதிபதி வேண்டாம் என்று கை காட்டினார்.

வெளியே வராந்தாவில் ஒச்சம்மாவைப் பார்க்காமல் போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். படியில் பிடித்துவிட்டார். என்னை அறைந்துவிட்டுத்தான் பேசுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, கேட்டார்.

"யாரோ மாத்திட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். நீயா தாயி?"

"நான்தான்."

"குடிதண்ணி கேட்டேன்னு எழுதியிருந்துச்சே, அதும் நீயா?"

"அதும் நான்தான்."

"நான் ஆலையே வேணாங்கிறேன், எனக்குக் குழாய் வாங்கிக் குடுத்திருக்க." சிரிக்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தான் மட்டும் குடித்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

டிசம்பர் 5

தீர்ப்பு. அனுமதி ரத்து. மறுபடியும் கூட்டம் நடத்த வேண்டும், பேசியதை அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். கண்மாயைக் கண்மாய் என்றே எழுத வேண்டும் என்று தனியாக ஒரு வரி. பிலோமினா போனில் சொன்னார். இவருக்கு உரக்கச் சொன்னேன்.

டிசம்பர் 12

சஸ்பெண்ட் ஆவேன் என்று எதிர்பார்த்தேன். அதைவிட நயமாக ஒரு மெமோ வந்திருக்கிறது. 'சுருக்கெழுத்தில் உயிர்க்குறி விடுபட்டதால் நேர்ந்த கவனக்குறைவான வாசிப்புப் பிழை' என்று ஒப்புக்கொண்டு பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம். தந்தால் கண்டிப்போடு முடித்துக்கொள்வார்கள், மதுரையிலேயே இருக்கலாம். தீனதயாளனுக்கு எதிராகத் தீர்ப்பாயம் கேட்டிருக்கும் விசாரணையும் 'தட்டச்சர் பிழை' என்று முடிந்துபோகும். எவ்வளவு அழகான கணக்கு. ஊரையே பொய்யாக்கினார்கள், இப்போது என் புள்ளியைப் பொய்யாக்கக் கேட்கிறார்கள். அதையும் என் கையாலேயே.

டிசம்பர் 20

விளக்கம் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. நகல் இங்கே:

'பார்வையில் காணும் குறிப்பாணைக்கு விளக்கம். என் சுருக்கெழுத்தில் உயிர்க்குறி விடுபடவில்லை. இருபத்தொன்பது இடத்திலும் புள்ளி வைத்திருக்கிறேன். வாசிப்பில் பிழை நேரவில்லை, சரியாகவே வாசித்தேன். வாசித்தபின், பொறியாளர் திரு. தீனதயாளன் டிக் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து, அது பொய் என்று தெரிந்தே, இருபத்திரண்டு பேர் சொன்னதை மாற்றி அடித்தேன். அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும் சலுகை எனக்கு வேண்டாம்.'

தட்டச்சு செய்யவில்லை. கையால்தான் எழுதினேன். கடைசிச் சொல்லை எழுதிவிட்டு, பழக்கம், பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தேன்.